லைசென்ஸ் இல்லாமல் காரில் கைத்துப்பாக்கி: பென்சில்வேனியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டெக்சஸிலிருந்து வேலை மாறி ஃபிலடெல்ஃபியா பக்கம் குடிவந்த நண்பர் ஒருவர், சாமான் இறக்கிய அன்றே என்னிடம் கேட்டார்: "அங்க கார்ல கிளவ் பாக்ஸ்லதான் வச்சிருந்தேன். இங்கயும் அப்படியே வச்சுக்கலாம்ல?"

கூடாது. டெக்சஸில் காருக்குள் கண்ணில் படாமல் கைத்துப்பாக்கி வைத்திருக்க 2007 முதலே லைசென்ஸ், அதாவது துப்பாக்கியை வெளியே எடுத்துப்போக அரசு தரும் அனுமதி, தேவையில்லை. 2021 செப்டம்பரிலிருந்து இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கவும் தேவையில்லை. அதே துப்பாக்கி அதே கிளவ் பாக்ஸில் பென்சில்வேனியாவுக்குள் வந்துவிட்டால் அது மூன்றாம் நிலை ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். 7 வருடம் வரை சிறை. முன்பின் குற்றம் எதுவும் இல்லாமல், லைசென்ஸ் வாங்கும் தகுதியும் இருந்து, வாங்காமல் விட்டவர் என்றால் முதல் நிலை மிஸ்டிமீனராக (ஃபெலனியைவிடச் சிறிய குற்றம்) குறையும். அதற்கே 5 வருடம் வரை உண்டு.

நான் வக்கீல் இல்லை. சனி ஞாயிறில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்வரும் ஐடி ஆள். கேஸ் என்று ஒன்று வந்துவிட்டால் வக்கீலிடம்தான் போக வேண்டும். கேஸ் வராமல் இருக்க என்ன செய்யலாம் என்பது மட்டும்தான் இங்கே.

முதலில் விசாவைப் பாருங்கள்

நம்மவர்களில் பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகத் துப்பாக்கி பிராண்டு பற்றி விசாரிக்கிறார்கள். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, சுற்றுலா விசா என எந்தத் தற்காலிக விசாவில் வந்திருந்தாலும், துப்பாக்கியோ தோட்டாவோ உங்கள் வசம் இருப்பதே மத்திய அரசு சட்டப்படி குற்றம். 1998-ல் சேர்த்த விதி இது. தண்டனை இப்போது 15 வருடம் வரை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்த லைசென்ஸ் காலாவதியான மறுநாளே விலக்கும் போய்விடும். கிரீன் கார்டு வரும்வரை இந்தப் பொழுதுபோக்கைத் தள்ளிப்போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

"சொந்தமா வாங்கல, ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து நாலு ரவுண்டு சுட்டேன்" என்பதும் இதில் அடங்கும். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து ஃப்ளோரிடாவுக்குப் படிக்க வந்த ஒரு மாணவர், கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு விசா தகுதியை இழந்த பிறகு, ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். 18 மாதச் சிறைத் தண்டனை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தன் குடியேற்ற நிலை அவருக்கே தெரிந்திருந்தது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. அதற்குள் அவர் வாழ்க்கையில் எத்தனை வருடம் போயிருக்கும்! ஆபீஸில் டீம் அவுட்டிங் என்று ரேஞ்சுக்குக் கூப்பிட்டால், எச்-1பியில் இருப்பவர் வெளியே உட்கார்ந்து காபி குடிப்பது நல்லது. ஊரிலிருந்து மூன்று மாதம் தங்க வந்த அப்பாவை ரேஞ்சில் துப்பாக்கியோடு நிறுத்தி போட்டோ எடுக்கும் ஆசையும் வேண்டாம்.

கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றம் ஒன்றில் தண்டனை பெற்றால், கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் நாடு கடத்தக் குடியேற்றச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. இங்கே பிறந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அபராதத்தோடு முடிகிற விஷயம் நமக்கு வீடு, வேலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அவர் கொஞ்சம் அசால்ட்டாக இருப்பதைப் பார்த்து நாமும் இருக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது

பென்சில்வேனியா சட்டத்தில் 6106-ஆவது பிரிவு. லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கியை எந்த வாகனத்திலும் கொண்டுபோகக் கூடாது, உடம்பில் மறைத்தும் வைத்துக்கொள்ளக் கூடாது. வீடும் சொந்தத் தொழிலிடமும் மட்டும் விலக்கு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபிலடெல்ஃபியா நகரத்துக்கு வெளியே, வெளிப்படையாக இடுப்பில் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்க லைசென்ஸ் கேட்பதில்லை. அப்படியே காரில் ஏறி உட்கார்ந்தால் அந்த நிமிடமே கேட்கும். சீட்டின் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாலும் சரி, டிக்கியில் போட்டாலும் சரி, வாகனம் வாகனம்தான். ஃபிலடெல்ஃபியாவுக்கு மட்டும் 6108 என்று தனிப் பிரிவு, தெருவில் வெளிப்படையாக வைத்திருக்கவும் லைசென்ஸ் கேட்கிறது. அதை நீதிமன்றத்தில் சவால் செய்திருக்கிறார்கள். உங்கள் பெயரில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

பிறகு லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியைக் கடையிலிருந்து வீட்டுக்கு எப்படித்தான் கொண்டுவருவது? அதற்குத்தான் அதே பிரிவில் விதிவிலக்குகள் வைத்திருக்கிறார்கள். வாங்கிய இடத்திலிருந்து வீட்டுக்கோ தொழிலிடத்துக்கோ கொண்டுபோகலாம். ரிப்பேர் செய்யவும் விற்கவும் விலை மதிப்பிடவும் கொண்டுபோய்த் திரும்பலாம். வீடு மாறும்போதும், விடுமுறை வீட்டுக்குப் போய்வரும்போதும், துப்பாக்கிப் பயிற்சி வகுப்புக்குப் போய்வரும்போதும் கொண்டுபோகலாம். இவற்றுக்கெல்லாம் தோட்டா இருக்கக் கூடாது, பாதுகாப்பான உறைக்குள் இருக்க வேண்டும். இலக்குச் சுடும் பயிற்சிக்கு ரேஞ்சுக்குப் போய்வருவது தனி விலக்கு. அதற்குத் தோட்டா இல்லாமல் இருந்தால் போதும் என்கிறது சட்டம்.

ஆக, போலீஸ்காரர் நிறுத்தினால் நீங்கள் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறீர்கள் என்பதற்கு ஒரே வரியில் பதில் இருக்க வேண்டும். "நண்பர் வீட்டில் காட்டப் போகிறேன்" என்பது பட்டியலில் இல்லை. "ராத்திரி நேரம், பாதுகாப்புக்கு" என்பதும் இல்லை. ரேஞ்சிலிருந்து வரும் வழியில் மாலில் இரண்டு மணி நேரம் சுற்றினால் அது இன்னும் 'ரேஞ்சுக்குப் போய்வருவது'தானா என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு நீதிபதி முன்னால் நின்று பதில் தேடுவதைவிட, துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு மாலுக்குப் போவது சுலபம்.

பெட்டி கட்டுவது

ஒவ்வொரு பயணத்துக்கும் ஒவ்வொரு விதி. எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால், இருப்பதிலேயே கடுமையான விதிக்கு ஏற்ற மாதிரி ஒரே முறையில்தான் நான் எப்போதும் கட்டுகிறேன்.

1. துப்பாக்கியை ஆபத்தில்லாத பக்கம் திருப்பி, முதலில் மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கும் கூட்டை, கழற்றுங்கள். அப்புறம் ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேல்பகுதி) இழுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்துவிட்டால், வெளியே விழுந்த தோட்டாவின் இடத்துக்கு அடுத்தது ஏறிவிடும். ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, சேம்பரை (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடம்) கண்ணால் பாருங்கள், விரல் நுனியாலும் தடவிப் பாருங்கள். ரிவால்வர் என்றால் சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு துளையாகப் பாருங்கள்.

2. கடினமான பெட்டி, சொந்தப் பூட்டு. கடையில் தரும் பிளாஸ்டிக் பெட்டியில் பெரும்பாலும் பூட்டு மாட்டத் துளை இருக்கும். துப்பாக்கியை அதில் வைத்துப் பூட்டுங்கள். உள்ளே தோட்டா எதுவும் வேண்டாம்.

3. தோட்டாக்கள் அவற்றின் அட்டைப் பெட்டியிலேயே, வேறு பையில். மேகசின்கள் காலியாக.

4. இரண்டும் டிக்கிக்குள்.

மூன்றாவது படியில் நானே வழுக்கியிருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு நாள் ரேஞ்சில் நேரம் முடிந்துவிட்டது. மேகசினில் நாலு தோட்டா மிச்சம். இறக்கச் சோம்பல்பட்டு, அந்த மேகசினை, ரேஞ்ச் பையில் துப்பாக்கி இருந்த அதே அறையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். பக்கத்து லேனில் இருந்த பெரியவர் பார்த்துவிட்டு, "உன் துப்பாக்கி லோடட், தெரியுமா?" என்றார். மேகசினைத்தான் கழற்றிவிட்டேனே என்று விழித்தேன். அவர் சொன்னது சட்டப்படி சரி. பென்சில்வேனியாவில் 'லோடட்' என்பதற்கு அர்த்தமே வேறு. அந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தும் மேகசினில் தோட்டா இருந்து, அது துப்பாக்கி இருக்கும் அதே பெட்டியிலோ, பல அறைகள் உள்ள பை என்றால் அதே அறையிலோ இருந்தால், துப்பாக்கி லோடட்தான். மேகசினை முழுக்க மூடும் உறைக்குள் போட்டால் அது தனி அறையாகக் கணக்கு. அந்த நுணுக்கத்தையெல்லாம் நம்பி இருக்க வேண்டாம். நாலு தோட்டாவை இறக்க அரை நிமிடம் ஆகும்.

கடையில் முதல்முறை வாங்கும்போதும் இதைக் கவனியுங்கள். துப்பாக்கியையும் தோட்டாவையும் சேர்த்து வாங்கினால், பில் போடுபவர் இரண்டையும் ஒரே பையில் போட்டு நீட்டிவிடுவார். "தனித்தனியாகக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள்.

மினிவேன், எஸ்யூவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் பாதி ஒடிசியும் சியன்னாவும்தான். அவற்றில் டிக்கி என்பது கடைசி சீட்டுக்குப் பின்னால் திறந்த இடம். தனி அறை இல்லை. மாநிலம் தாண்டும்போது பொருந்தும் மத்திய சட்டம், இப்படிப்பட்ட வண்டியில் பூட்டிய பெட்டிதான் வேண்டும் என்கிறது. கிளவ் பாக்ஸையும் நடு கன்சோலையும் பூட்டினாலும் அவை கணக்கில் சேராது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது.

தமிழ்ப் பள்ளி வழியாகப் போகாதீர்கள்

ரேஞ்சுக்குப் போகத் தோட்டா இல்லாமல் இருந்தாலே போதும் என்றால் பூட்டு எதற்கு என்று கேட்கலாம். பள்ளிக்கூடங்களுக்காக. எந்தப் பள்ளியின் எல்லையிலிருந்தும் 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது. அந்த மாநிலமே கொடுத்த லைசென்ஸ் இருந்தால் விலக்கு. இல்லையென்றால் தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். 1,000 அடி என்பது முந்நூறு மீட்டர். எங்கள் பக்கத்துப் புறநகரில் ஒரு பள்ளியின் வட்டத்தைத் தொடாமல் பால் வாங்கக்கூடப் போய்வர முடியாது.

பள்ளி வளாகத்துக்குள் நுழைவது இதைவிடப் பெரிய விஷயம். அதற்கு மாநிலச் சட்டத்தில் தனிக் குற்றப்பிரிவு இருக்கிறது. நம் தமிழ்ப் பள்ளிகள் பலவும் சனி ஞாயிறில் அரசுப் பள்ளிக் கட்டடங்களை வாடகைக்கு எடுத்துத்தான் நடக்கின்றன. பத்து மணிக்குப் பிள்ளையை வகுப்பில் இறக்கிவிட்டு, கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் ரேஞ்சுக்குப் போய்வரலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. டிக்கியில் பெட்டியோடு பள்ளி பார்க்கிங்கில் நிற்பது ஞாயிற்றுக்கிழமை என்பதால் சரியாகிவிடாது. பிள்ளையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பெட்டியை எடுங்கள், அல்லது ரேஞ்சை வேறு நாளுக்கு மாற்றுங்கள். தபால் நிலையத்தின் பார்க்கிங்கும் அப்படித்தான். அது மத்திய அரசு இடம், அங்கே தபால் துறை விதிப்படி தடை. நீதிமன்றத்துக்கும் எடுத்துப் போகக் கூடாது.

வழியில் போலீஸ் நிறுத்தினால்

கையிரண்டும் ஸ்டியரிங் மேல். ராத்திரி என்றால் உள் விளக்கைப் போடுங்கள். டிக்கியில் துப்பாக்கி இருப்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் பென்சில்வேனியாவில் இல்லை. கேட்டால் பொய் மட்டும் சொல்லாதீர்கள். "கார்ல துப்பாக்கி" என்ற வார்த்தையோடு பேச்சைத் தொடங்கவும் வேண்டாம். எங்கே, எப்படி இருக்கிறது என்பதை ஒரே மூச்சில் சொல்லுங்கள்: டிக்கியில், பூட்டிய பெட்டியில், தோட்டா இல்லாமல், ரேஞ்சுக்குப் போகிறேன்.

காரைச் சோதிக்கலாமா என்று கேட்டால், சம்மதமில்லை என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வாரன்ட் இல்லாமல் காரைச் சோதிக்க வேண்டுமென்றால் தகுந்த காரணமும் அவசரச் சூழலும் இரண்டுமே இருக்க வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது. அதையும் மீறிச் சோதித்தால் தடுக்காதீர்கள். வாதம் பண்ண வேண்டிய இடம் ரோட்டோரம் இல்லை.

பாலம் தாண்டினால் நியூ ஜெர்சி

டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு உலகம். பென்சில்வேனியா லைசென்ஸே அங்கே செல்லாது எனும்போது, லைசென்ஸ் இல்லாதவர் கதையைக் கேட்கவே வேண்டாம். 2013 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஓர் இளம் தாய் அட்லான்டிக் சிட்டி பக்கம் காரில் போனபோது போலீஸ் நிறுத்தியது. அவரிடம் பென்சில்வேனியா லைசென்ஸ் இருந்தது. கைப்பையில் துப்பாக்கி இருப்பதை அவரே சொன்னார். நியூ ஜெர்சி சட்டப்படி பரோல் இல்லாமல் மூன்றரை வருடச் சிறை அவர் முன்னால் நின்றது. நாடு முழுக்கப் பேச்சான பிறகுதான் சிறையில்லாத மாற்றுத் திட்டத்துக்கு வழக்கு மாறியது. 2015-ல் அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். நமக்கு ஆளுநர் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஓக் ட்ரீ ரோட்டில் சேலை எடுக்கவோ, பிரிட்ஜ்வாட்டர் பெருமாளைச் சேவிக்கவோ கிளம்பும்போது, போன வார ரேஞ்ச் பை டிக்கியில் கிடக்கிறதா என்று ஒரு தடவை திறந்து பாருங்கள்.

நியூ ஜெர்சி வழியாக அப்பால் போக வேண்டியிருந்தால் 1986-ல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று துணைக்கு வரும். கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கவும் கொண்டுசெல்லவும் உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். தோட்டா ஏற்றியிருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் உட்காரும் பகுதியிலிருந்து கைக்கு எட்டக் கூடாது. இவை இருந்தால், நடுவில் உள்ள மாநிலத்தின் சட்டம் எதுவானாலும் கடந்து போகலாம். டெக்சஸ் நண்பர் ஐ-81 நெடுஞ்சாலை வழியாகத்தான் வந்தார். அந்தச் சாலை மேரிலாண்டுக்குள் சுமார் 12 மைல் மட்டும் ஓடும். அந்தக் கால் மணி நேரத்துக்காகவாவது கிளவ் பாக்ஸைக் காலி செய்திருக்க வேண்டும் என்றேன். சிரித்தார், ஆனால் முகம் கொஞ்சம் வெளுத்துப் போனது.

கடந்து போகலாம் என்றால் கடந்துதான் போக வேண்டும். யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்கு 2005-ல் விமானத்தில் கிளம்பிய ஒருவர், நியூ ஜெர்சியின் நியூவர்க்கில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டார். பூட்டிய துப்பாக்கி இருந்த பெட்டி தாமதமாகத்தான் கைக்கு வந்தது. அதோடு ஓட்டலில் இரவு தங்கினார். மறுநாள் காலை முறைப்படி கவுன்டரில் அறிவித்தார், கைதானார். குற்றச்சாட்டைப் பிறகு கைவிட்டார்கள். ஆனால் அவர் போட்ட வழக்கில், ஓட்டலில் பெட்டி அவர் கைக்கு எட்டும்படி இருந்ததால் மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-ல் சொல்லிவிட்டது. பெட்டியை வாங்கிக்கொள்ளும் முன்பே விமான நிலையக் காவலர்களிடம் போயிருக்கலாமே என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. நியூ ஜெர்சியில் மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது அதுதான்.

பிட்ஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்கு இதன் மறுபக்கம். ஒஹையோவில் 2022 முதல் 21 வயதானவர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை. யங்ஸ்டவுனில் இடுப்பில் வைத்துச் சுற்றிவிட்டு அப்படியே காரில் திரும்பினால், பென்சில்வேனியா போர்டைத் தாண்டிய இடத்தில் குற்றவாளி.

விமானத்தில்

கேபின் பையில் துப்பாக்கி கிடையாது. காலி மேகசின்கூடக் கூடாது. செக்-இன் சாமானில், தோட்டா இல்லாமல், பூட்டிய கடினப் பெட்டியில், கவுன்டரில் வாயால் அறிவித்துத்தான் போட வேண்டும். சாவி உங்களிடமே இருக்கும். தோட்டா எவ்வளவு, எப்படி என்பதை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். 2024-ல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,678 துப்பாக்கிகள் பிடிபட்டன. பத்தில் ஒன்பதுக்கும் மேல் தோட்டா நிரப்பியவை. பெரும்பாலானவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: பையில் இருந்ததே மறந்துபோச்சு. கிரேஹவுண்ட் பஸ்ஸில் சாமானிலும் கூடாது. ஆம்ட்ராக்கில் சாமான் ஏற்றும் ரயில்களில் மட்டும், 24 மணி நேரம் முன்பே போனில் சொல்லி வைத்தால் ஏற்றுவார்கள்.

அதனால் ரேஞ்சுக்கு என்று ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள். அதை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். இது ஊருக்குப் போகும்போதுதான் நன்றாகப் புரியும். பையின் தையல் ஓரத்தில் ஒளிந்திருந்த ஒரே ஒரு தோட்டா இந்திய விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்து, 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் வழக்கு வாங்கிய வெளிநாட்டுப் பயணிகள் பலர். தெரிந்தே வைத்திருந்தாரா என்று பார்த்து உயர் நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட வழக்குகளை ரத்து செய்வதுண்டு. ஆனால் அதற்குள் தங்கச்சி கல்யாணம் முடிந்திருக்கும், திரும்பும் டிக்கெட் போயிருக்கும்.

இருபது டாலர்

இவ்வளவையும் படித்துவிட்டு நண்பர் கேட்டார்: "லைசென்ஸ் எவ்வளவு?" 20 டாலர். 21 வயது ஆகியிருக்க வேண்டும். உங்கள் கவுன்டி ஷெரிஃப் அலுவலகத்தில், ஃபிலடெல்ஃபியா நகரத்துக்குள் என்றால் போலீஸ் துறையில், விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு பேரை ரெஃபரன்ஸாகக் கேட்பார்கள். கிரீன் கார்டு உள்ளவர்கள் தங்கள் ஏ-நம்பரை (குடியேற்றத் துறை தந்த எண்) தயாராக வைத்திருங்கள். பின்னணி விசாரித்து 45 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். துப்பாக்கியைப் பதிவு செய்யும் முறை இந்த மாநிலத்தில் இல்லை. டெக்சஸிலிருந்து கொண்டுவந்ததை யாரிடமும் போய்ப் பதிய வேண்டியதில்லை.

அட்டை வந்துவிட்டால் காரில் தோட்டாவோடு வைத்துக்கொள்ளலாம், 1,000 அடி வட்டமும் பிரச்சினை இல்லை. பள்ளி வளாகம், தபால் நிலையம், டெலவேர் பாலம் மூன்றும் அப்படியேதான் இருக்கும். அட்டை 5 வருடத்துக்குச் செல்லும். முடியும் தேதியை அன்றைக்கே போனில் போட்டு வையுங்கள். புதுப்பிக்க மறந்தால் மறுபடி டிக்கி, பூட்டு, காலி மேகசின். நண்பர் விண்ணப்பம் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. துப்பாக்கி அவர் வீட்டு அலமாரியில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. கிளவ் பாக்ஸில் இப்போது டிஷ்யூ பேப்பரும் டயர் பிரஷர் மீட்டரும்.